தொண்டையைத் தாண்டாத துளி

பல்லி வால் அறுந்தால் துடிக்கும்; இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் துடிக்கும். கொஞ்சம் வீம்பு பிடித்த பல்லியாக இருந்தால் கால் மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலை பட்டறை ஜன்னலை இழுத்துச் சாத்தும்போது அறுபட்டு, கைகழுவும் தொட்டிக்குள் விழுந்த அந்த வால், வியாழக்கிழமை மத்தியானமும் துடித்துக்கொண்டிருந்தது.

பல்செட்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். கையிலிருந்த மெழுகுக் கத்தி ஆறிப்போனது. பிளாஸ்டர் தூசியும், உருகின மெழுகும், அக்ரிலிக்கின் மூக்கைக் குடையும் நெடியும் கலந்த அந்த அறைக் காற்றுக்கு நாற்பத்தொரு வருஷமாக அவர் மூக்கு பழகியிருந்தது; அன்றைக்கு அதற்குள் இன்னொரு வாசனை, ஈரக் கல்லில் வருவது போல, பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் வருவது போல, மெல்லிசாக, இனிப்பாக ஒளிந்திருந்தது. வெள்ளைப் பீங்கானில் வால் வளைந்தது. நிமிர்ந்தது. அவசரமே இல்லாமல், சொந்தக் கட்டிலில் புரண்டு படுப்பது போல மறுபக்கம் வளைந்தது.

கை கழுவாமலே எழுந்து போனார். வெயில் அதிகம், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெயிலுக்கும் வாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய பெரிய பயம் ஒன்று ஏற்கெனவே அந்த வீட்டில் குடியிருந்தது, இரண்டாவதுக்கு இடமில்லை.

அந்தப் பெரிய பயம் அவர் மனைவியின் இதயம். நான்கு மாதத்துக்கு முன் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ஊறின பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, ஆறு மாதம், ரொம்ப நல்லபடியாகப் போனால் எட்டு என்றார். திரும்பி வரும் வழியில், அப்படியென்றால் அந்தப் புது மெத்தையை வாங்கியிருக்கவே வேண்டாம் என்று அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் எது விளக்கு சுவிட்ச், எது ஃபேன் சுவிட்ச் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவள் எப்படியாவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டார். எப்படி என்பதைப் பற்றி நிபந்தனை எதுவும் போடவில்லை.

பிறகுதான் அவளுடைய அண்ணன் அமுதத்தைக் கொண்டுவந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் மச்சான் என்றால்தான் யாருக்கும் தெரியும். துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் மூச்சுப் பயிற்சிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தேவர்களும் அசுரர்களும் கடலைக் கடைந்து, மலை சரிந்து, விஷம் கக்கி, அப்புறம் அடித்துப் பிடித்துக் குடித்த சமாசாரம் நம் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் இருக்கிறதாம். உச்சியிலே ஒரு சந்திரன். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக அமுதம் இறங்குகிறது. அது வயிற்று நெருப்பில் விழுந்து வீணாக எரிகிறது. அதனால்தான் நரை, அதனால்தான் சாவு. மூச்சை இழுத்து நிறுத்தி, நாக்கைப் பின்னால் மடித்து, உள்நாக்குக்கும் மேலே செருகினால் அந்தச் சொட்டைப் பிடித்துவிடலாம். மூச்சு கீழ்த் தளத்திலேயே நிற்கக் கூடாது, மொட்டை மாடி வரை போக வேண்டும் என்று தன் பாஷையில் விளக்கினார். அவருக்கு மட்டும் அது கைகூடவில்லை. நாக்கு மேலே போக வேண்டுமென்றால் முதலில் பேச்சு நிற்க வேண்டுமே.

தங்கைக்கு மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. விடியற்காலையில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். பல்செட்டைக் கழற்றிவிட்டுச் செய்தால் நாக்குக்கு வசதி என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை, பொக்கை வாயோடு எமன் முன்னால்கூட உட்கார மாட்டாள்.

அந்தச் செட் பல்செட்காரரின் கைவேலை. நோயில் அவள் மெலிந்து ஈறு சுருங்கி, பழையது கழன்று விழ ஆரம்பித்ததும் புதிதாகச் செய்தார். நாற்பத்தொரு வருஷக் கைப்பழக்கத்தில், மேல்செட்டின் உட்புறம், அண்ணத்தில் ஒட்டும் பக்கம், நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி வைத்தார். செட் கவ்விப் பிடிப்பதற்கான குழி. இப்போதெல்லாம் யாரும் அதை வைப்பதில்லை, பத்துப் பதினைந்து வருஷத்தில் சதை வளர்ந்து குழியை நிரப்பிவிடும் என்பார்கள். பத்து வருஷம் அவள் இருந்தால் போதாதா, சதை வளர்ந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே குடைந்தார்.

அவள் தேறினாள்.

நெற்றிச் சுருக்கம் போனது. முன்வகிட்டில் நரை கறுத்தது. கழுத்துக்கு மேலே அவளுக்கு முதலில் ஐம்பது வயது ஆனது, போன வாரம் நாற்பத்தைந்து. பல்செட்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய மனிதர், ராத்திரி பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்: ஒரு மூச்சு, அப்புறம் ஃபேன் சத்தம், தெருவில் ஒரு வண்டி வந்து நின்று கதவு சாத்தி ஆட்கள் பேசிக்கொண்டே போய் அந்தப் பேச்சும் தேய்ந்த பிறகு, இன்னொரு மூச்சு. நடுவில் சில சமயம் அவள் தலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். சரியாக மூடாத குழாய் போல.

டொக்.

காலையில் அவள் செட் ஊறின டம்ளர் தண்ணீரைப் பட்டறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, செட்டை மாட்டிக்கொண்டு காபி போடப் போவாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அந்தத் தொட்டியில்தான் வால் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மேஜையிலிருந்து ஒரு சீசா உருண்டு விழுந்து உடைந்தது. அவர் துடைப்பத்தை எடுக்கத் திரும்புவதற்குள் அவள் வெறுங்காலோடு காபி டம்ளரை ஏந்திக்கொண்டு அந்தக் கண்ணாடி மேலேயே நடந்து வந்தாள். சரக் சரக்கென்று. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டம்ளரைக் கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா பாருங்க என்றாள்.

அவளை உட்காரவைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பாதம் சில்லென்றிருந்தது. குதிகாலில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சில்லு இறங்கியிருந்தது. இடுக்கியால் இழுத்தார். வந்தது. ரத்தம் வரவில்லை. காயத்துக்குள் பார்த்தார், பார்த்திருக்க வேண்டாம். உள்ளே வெளிறிப்போய், வழவழப்பாக, ஆறின மெழுகு மாதிரி இருந்தது. மெழுகைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வலிக்கலையா?"

"முழங்கால் வரைக்கும் தெரியலைங்க. பத்து நாளா அப்படித்தான். நல்லதுதானாம். லிஃப்ட் மேல போயிட்டா கீழ்த் தளம் காலியாத்தானே இருக்கும்னு அண்ணன் சொல்றாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாற்பத்தைந்து வயதுச் சிரிப்பு. அந்தக் கால் அவர் மடியில் ஒரு சாமான் மாதிரி கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இடுப்பு வரை தெரியவில்லை. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியதில், மச்சான் மத்தியானம் வந்து, தங்கையின் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். அமுதம் பிடித்துக்கொண்டது என்றார். அப்புறம் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, பொழுதுபோக்காக ராகு கதையைச் சொன்னார். தேவர்கள் வரிசையில் ஒரு அசுரன் வேஷம் போட்டு உட்கார்ந்து அமுதத்தை வாங்கிக் குடித்துவிட்டான். சூரியனும் சந்திரனும் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சக்கரம் வந்து கழுத்தை வெட்டியது. உடம்பு செத்தது, தலை சாகவில்லை.

"ஏன் தெரியுமா மாப்ளே? தொண்டையைத் தாண்டலை. இன்னும் ஒரு வாய் உள்ள போயிருந்தா முழு ஆளும் தப்பிச்சிருப்பான். பட்ட இடம் பொழைக்கும், படாத இடம் போயிடும். அவ்வளவுதான் கணக்கு."

மச்சான் போன பிறகு பல்செட்காரர் ஜன்னலுக்குக் கீழே, பிளாஸ்டர் மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். மூன்றாவது மூட்டைக்குப் பின்னால் பல்லி கிடந்தது. செத்து நாளாகியிருந்தது. எறும்பு தின்று, காகிதம் போலக் காய்ந்து, வயிற்றில் வெளிச்சம் தெரிந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

டம்ளர் தண்ணீர் பட்ட வால் புரண்டு படுத்தது.

சுவர் அலமாரியில் வரிசையாக நாற்பது பிளாஸ்டர் வாய்கள். எண் மட்டும் எழுதின, ஆளில்லாத வாய்கள். எல்லாம் திறந்திருந்தன. பல்லியை மேஜை மேல் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். துளி இறங்குகிறது. அண்ணத்தில் கசிகிறது. கீழே அவர் செய்த செட் மூடி போல நிற்கிறது. அவர் குடைந்த குழி கிண்ணம் போல ஏந்துகிறது. வாயில் ஊறுகிறது, முகத்தில் ஏறுகிறது, மிச்சம் ராத்திரி டம்ளருக்குப் போகிறது. ஒரு சொட்டுகூடத் தொண்டையைத் தாண்டவில்லை. இத்தனை நாளாக.

அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். செட்டைக் கழற்றினார். அவள் வழக்கம் போல வெட்கப்பட்டுக் கையால் மறைத்தாள். அவர் கையை விலக்கினார். டார்ச் அடித்தார்.

பத்து வருஷம் வேண்டியிருக்கவில்லை. நடு அண்ணத்திலிருந்து சதை இறங்கியிருந்தது. குழியின் அளவுக்கு, குழியின் வடிவத்துக்கு, அவர் குடையும் கருவி விட்ட கோடுகள்கூட அப்படியே பதிந்து, இளஞ்சிவப்பாக, முலைக்காம்பு போல. நுனியில் ஒரு துளி தொங்கியது. டார்ச் வெளிச்சம் அதற்குள் போய்விட்டு வெளியே வரவில்லை. அந்த இனிப்பு வாசனை.

காம்பு அசைந்தது. அவர் பார்த்தார்.

கழற்றின செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷினைப் போட்டார். குடையும் ஊசி சீறியது. இளஞ்சிவப்புத் தூள் பறந்து கண்ணாடியில் அப்பியது. குழி இருந்த இடத்தையே ஓட்டை போட்டு, ஓட்டையைப் பெரிதாக்கி, அண்ணம் முழுவதையும் ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்தார். விளிம்பைத் தேய்க்க ஐந்து நிமிடம் செலவழித்தார், தேய்க்காவிட்டால் அவளுக்கு உறுத்தும். பிறகு நினைத்துப் பார்த்தபோது, அந்த ஐந்து நிமிடம்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

மாட்டிவிட்டார். மூச்சை இழு என்றார். இழுத்தாள். மார்பு ஏறவே இல்லை. நாக்கு மடிந்து பின்னால் போனது. காத்திருந்தார்கள்.

டொக்.

"முழுங்கு."

அவள் முயற்சி செய்தாள். கழுத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் அவள் தொண்டையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. கெட்டியாக. அந்தச் சில்லிப்பு இடுப்போடு நிற்கவில்லை, மார்போடும் நிற்கவில்லை. தாடை வரை வந்திருந்தது.

"முழுங்கு. ஒரே ஒரு வாய்."

"முழுங்க வரலைங்க," என்றாள்.

துளி உதட்டோரம் வழிந்து முகவாயில் இறங்கியது. அவர் துணியை எடுப்பதற்குள் காய்ந்துவிட்டது. முகவாயில் அந்தக் கோடு மட்டும் இன்னும் பத்து வயது குறைந்து பளபளத்தது.

திங்கட்கிழமை மத்தியானம் மச்சான் டாக்டரை அழைத்துவந்தார். அவள் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார். மார்பில் குழாயை வைத்தார், இடம் மாற்றி வைத்தார், நெடுநேரம் வைத்தார். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நேற்று இன்றைக்கு நடந்தது மாதிரி இல்லையே, உடம்பு மூன்று நாலு நாள் போலிருக்கிறதே, முகம் மட்டும் எப்படி என்று முனகினார். கடைசியில் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மச்சான் சுவரில் சாய்ந்து, பேச்சு வராமல் அழுதார். இப்போது பயிற்சி செய்திருந்தால் அவருக்கும் வந்திருக்கும். நாலு மணிக்கு வண்டி வரும், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டரோடு இறங்கிப் போனார்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம் கீழே போனது.

"போயிட்டாங்களா?"

கண் திறந்திருந்தது. குரலில் காற்று இல்லை. வறண்ட தாளைப் புரட்டுவது போல உதட்டிலும் நாக்கிலுமே உருவாகி வந்தது. பல்செட்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஓடலாம். படி இரண்டு எட்டில் இருந்தது. அவர் கால்கள் அவரைக் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்பியும்விட்டன.

"வண்டியில ஏத்திடுவாங்களா? எனக்கு எல்லாம் தெரியும்ங்க. மூடினா இருட்டா இருக்கும். எரிச்சாலும் தெரியும், புதைச்சாலும் தெரியும். எப்பவும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். என்னைத் தனியா அனுப்பாதீங்க."

எப்படியாவது இருக்க வேண்டும் என்று கேட்டவர் அவர்தான்.

கால்களைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துப் பிரயோஜனம் இல்லை, அதனால் கன்னத்தில் கை வைத்தார். சூடாக இருந்தது. முப்பது வயதுப் பெண்ணின் கன்னம். கல்யாணமான புதிதில் பார்த்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அலமாரியில் மேல்தட்டில் இருக்கும் சாவியை எடுத்துத் தரச் சொல்வது போல, வீட்டுக்காரிக் குரலில் கேட்டாள்.

"பிளாஸ்டர் அறுக்கிற ரம்பம் எங்க வெச்சிருக்கீங்க?"

மணி இரண்டரை.

பாலிஷ் மெஷினை ஓடவிட்டார். சத்தத்துக்காக. ஜன்னலைச் சாத்தினார். மெல்லிய ரம்பம். புது பிளேடு. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கீழே பாருங்க, என்னைப் பார்த்தா கை தப்பும், என்றாள். அவர் கீழே பார்த்தார். தாடைக்கு அடியில், சில்லிப்பு முடிந்து சூடு ஆரம்பிக்கும் கோடு விரலுக்குத் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேலேயே அறுத்தார். ரத்தம் வரவில்லை. ஆறின மெழுகு. அப்படித்தான் நினைத்துக்கொண்டார். மெழுகு. மெழுகு. மெழுகு.

அப்புறம் பிளாஸ்டர். தலையளவுக்கு வேண்டும். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அவ்வளவு கலக்கினதே இல்லை. மேஜை மேல், துணி மடிப்பின் மீது உட்கார்ந்திருந்த அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி அதிகம். இறுகாமப் போயிடப் போகுது."

இன்னும் ஒரு கை மாவு போட்டார். பத்து நிமிடத்தில் இறுகியது. வெள்ளைத் துணியில் சுற்றி, உடம்பின் கழுத்தில் பொருத்தி, முகம் தெரியாமல் இறுக்கிக் கட்டினார். நாலு மணிக்கு வந்த ஆட்களில் ஒருவன், பெரியம்மா தலை இந்தக் கனம் கனக்குதே என்றான். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று பல்செட்காரர் கேட்டுக்கொண்டார். மச்சான் அந்தத் துணியின் நெற்றியில் குனிந்து முத்தமிட்டுவிட்டு, சில்லுனு ஆயிட்டா மாப்ளே என்று அழுதார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பட்டறையில் சுவரைத் தடவி முதல் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. அலமாரியின் மேல்வரிசையிலிருந்து அவள், இன்னொண்ணு, என்று சொன்னாள். இன்னொன்றைப் போட்டார். வெளிச்சம் வந்தது.

நாற்பது திறந்த வாய்களுக்கு நடுவே நாற்பத்தொன்றாவது. பொக்கையாக. கையில்லாததால் மறைத்துக்கொள்ள முடியாமல் வெட்கப்பட்டு. அவர் செட்டைக் கழுவி எடுத்துவந்து, விரலால் தாங்கி, மாட்டிவிட்டார். அவள் பல்லைக் கடித்துச் சரிபார்த்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். நாக்கு மடிந்து பின்னால் போனது.

"இப்ப வழி நல்லா விட்டிருக்குங்க," என்றாள். "முழுங்க வருது."

தொண்டை அசைந்தது. இருந்த வரைக்கும் அசைந்தது.

டொக்.

அவளைத் தாங்கிப் பிடித்திருந்த அவர் வலது கை ஆள்காட்டி விரலில் ஈரமாக ஏதோ விழுந்தது. துடைக்கத் துணியைத் தேடினார். துணி கிடைப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது. அறுபத்தெட்டு வயதுக் கையில், நரம்பு புடைத்த நான்கு விரல்களுக்கு நடுவே, அந்த ஒன்று சுருக்கம் நீங்கி, நகம் சிவந்து, அவசரமே இல்லாமல் வளைந்தது.

அவர் வளைக்கவில்லை.

நிமிர்ந்தது. மறுபக்கம் வளைந்தது. தொட்டிக்குள் வாலும் அதே பக்கம் புரண்டது.